பின் சீற்றின் கீழ் ஒரு சுவிச்

மருதனார்மடச் சந்தியைத் தாண்டிய பிறகுதான் என் பிளையரை வேலை செய்த வீட்டு மாமரத்தடியில் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுத்துவர அதிக நேரம் ஆகாது. ஆனால் போனால் அந்த வீட்டு ஐயா காருக்குள் இருப்பார். சாவியைத் திருப்புவார், ஸ்ராட் குமிழை இழுப்பார், எஞ்சின் உறுமிச் சுற்றும், ஆனால் பிடித்து ஓடாது. பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஏன் பிடிக்காது என்றும் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவன் நான். அவருக்கு மட்டும் தெரியாது. பிளையர் அங்கேயே கிடக்கட்டும் என்று சுன்னாகம் பக்கமாக நடந்தேன்.

மத்தியான வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டிக் கழன்றது. தோளில் சாமான் பை. உடுப்பும் அதற்குள்தான், சுவிச்சும் வயர்த் துண்டுகளும் அதற்குள்தான்.

நான் ஊர் விட்டு ஊர் போகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் வகுப்பறைகளுக்குள் குடும்பங்கள் இருந்தன. எங்கள் குடும்பமும் ஒரு வகுப்பறைக்குள்தான் இருந்தது. பிறகு வவுனியாவில் ஒரு கராஜில் நின்று வாகன வயரிங் பழகினேன். மன்னாரில் உப்பு அள்ளினேன். கொழும்பில் கட்டிட வேலைக்குப் போனேன். கிளிநொச்சியில் நெல் மூட்டை சுமந்தேன். அலுத்தால் வேறு இடம். படுக்க இடம் கிடைக்காத நாள்களில் பஸ் நிலையத்தில் படுத்தேன். பசித்த நாள்களில் பசியோடு நடந்தேன். இதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்து முடித்துவிட்டுக் கள்வனைப்போல வெளியேறியது அன்றுதான்.

வேலை உடுவிலில். போன வருடம், மாரி மழை தொடங்க முன்பு. நான் அப்போது சுன்னாகத்தில் ஒரு சைக்கிள் கடையின் பின்புறம் படுத்துக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கடைக்காரர்தான் சொன்னார்.

"உடுவிலிலை ஒரு பழைய கார் நிக்குது. வயர் எல்லாம் எலி அரிச்சுப்போட்டுது. இப்பத்தைப் பெடியளுக்கு உது விளங்காது. நீ பார்ப்பியோ?"

"என்ன கார் அண்ணை?"

"ஏ-40. கிழவனுக்கும் காருக்கும் ஒரே வயசு. ரெண்டும் ஸ்ராட் ஆகிறது கஷ்டம்."

வெங்காயத் தறைகளைத் தாண்டிப் போனால் வீடு. மாமரத்துக்குக் கீழே தகரம் போட்ட கொட்டகை, அதற்குள் சாம்பல் நிறக் கார். ஐயா எண்பதைத் தாண்டியவர். சாரம், பனியன், காதில் செருகிய சுருட்டு. இளமையிலிருந்து அந்தக் காரை வாடகைக்கு, அவர் சொல்லில் ஹயருக்கு, ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். மனைவி இல்லை. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில். கூட இருந்தவர் ஒரு மகள் மட்டும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர்.

"தம்பி எந்த ஊர்?" என்று ஐயா கேட்டார்.

"எல்லா ஊரும்தான் ஐயா."

"அப்ப ஒரு ஊரும் இல்லை எண்டு சொல்லுமன். சரி, அது என்ரை பாடில்லை. இந்தக் காரிலை பற்றரியின்ரை எந்தப் பக்கம் ஏர்த்?"

"பிளஸ் பக்கம்."

ஐயா சுருட்டைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப நீர் கிட்டப் போகலாம். முதல் வந்தவன் பற்றரியை மாறிக் கொழுவிப்போட்டு, கார் பிழை எண்டுட்டுப் போட்டான். அவனைப் பெத்ததுகள் பாவம்."

இப்போதைய வாகனங்களில் பற்றரியின் மைனஸ் பக்கம்தான் வாகனத்தின் உடம்போடு பிணைத்திருக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் அது தலைகீழ். அது தெரிந்தவனை மட்டும்தான் அவர் பொனற்றைத் திறக்க விடுவார்.

பழைய வயர்கள் முழுவதையும் கழற்றினேன். துணி சுற்றிய வயர்கள், தொட்டால் மாவாக உதிர்ந்தன. இடையிடையே ரெலிபோன் வயர், வீட்டு லைற் வயர், ஓரிடத்தில் வேலிக்கம்பி. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஐயாவிடம் ஒரு கதை இருந்தது. பெற்றோல் வராத காலத்தில் காபரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோலை விட்டுக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது. பிரசவத்துக்குக் கொண்டுபோன பெண் சங்கானைச் சந்தியில் காருக்குள்ளேயே பிள்ளை பெற்றது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யோசிப்பார். என்னுடைய பெயரை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பார். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

புது வயர் இழுத்தேன். சாவியிலிருந்து, பொறிக்கான மின்சாரத்தைக் கூட்டுகிற கொயிலுக்கு ஒன்று. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு ஒன்று. டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் என்று ஒரு சின்னத் தகடு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளக்கில் பொறி விழும். பொறி விழுந்தால் கார் ஓடும், விழாவிட்டால் நிற்கும்.

ஓட்டுநர் சீற்றைத் தூக்கியபோது அடியில் ஒரு சுவிச் கிடைத்தது. வீட்டுச் சுவரில் பூட்டுகிற பழைய கறுப்புக் குமிழ்ச் சுவிச். இரண்டு வயர்கள் அதிலிருந்து முன்னுக்குப் போயின.

ஐயா சிரித்தார். "அது என்ரை களவுச் சுவிச். அதைத் தட்டிவிட்டால் கார் பிடியாது. ஆர் துவக்கோடை வந்து கார் கேட்டாலும் மறுக்க ஏலாது. நான் மறுக்கிறதுமில்லை. எடுங்கோ ராசா எண்டு சாவியைக் குடுத்துப்போட்டு ஓரமாய் நிப்பன். சுத்துவாங்கள், சுத்துவாங்கள், பற்றரி இறங்குமட்டும் சுத்துவாங்கள். கடைசியிலை காருக்கு உதைஞ்சுபோட்டுப் போவாங்கள். ஒருக்கா என்ரை ஓடேல்லை எண்டு பக்கத்து வீட்டுக்காரன்ரை காரைக் கொண்டுபோட்டாங்கள். அவன் சாகுமட்டும் என்னோடை கதைக்கேல்லை."

"ஒரே இடத்திலையோ வைச்சிருந்தனீங்கள்?"

"என்ன விசர்க் கதை. மாத்தி மாத்தி. சீற்றுக்குக் கீழை. பிறகு சாம்பல் தட்டுக்குப் பின்னாலை. பிறகு பிறேக் மிதியின்ரை றப்பருக்குள்ளை. சில நாளையிலை டிஸ்ரிபியூட்டருக்குள்ளை இருக்கிற ரோட்டரைக் கழட்டிச் சாரத்து மடிக்குள்ளை."

"பின் சீற்றிலை?"

"பின் சீற் காசு குடுத்து ஏறுற ஹயர்காரருக்கு. நான் ஒருநாளும் அதிலை இருந்ததில்லை. என்ரை கலியாணத்துக்கும் நான்தான் ஓடினனான். பொம்பிளை பின்னாலை, மாப்பிளை முன்னாலை."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சுவிச்சையும் வயரையும் கழற்றிப் போட்டேன். இப்போது அது தேவையில்லைத்தானே என்று அவரே சொன்னார்.

அடுத்த நாள் ஞாயிறு. ஐயா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிவிட்டார். நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ரீச்சர் வந்தார்.

"அண்ணை, கார் ஓடுமோ?"

"நாளைக்கு ஓடும் ரீச்சர்."

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா போன மாதம் காரை ரெயில் கடவையிலை நிப்பாட்டிப்போட்டு இருந்தவர். கேற் இல்லாத கடவை. நடுத் தண்டவாளத்திலை. சனம் ஓடிப் போய் இறங்குங்கோ எண்டு கத்த, 'பொறுங்கோ, எங்கை போறதெண்டு யோசிக்கிறன்' எண்டாராம். ஸ்ராட் பண்ணவும் ஏலேல்லை, எலி அரிச்ச வயர். எல்லாருமாய்த் தள்ளி எடுத்து முடிய ரெயில் போச்சுது."

அதை ஐயா எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அல்லது அவருக்கு நினைவில்லை.

"சாவியை எடுத்து வையுங்கோவன்."

"எடுத்து வைச்சனான். சாப்பிடாமல் கிடந்தார். அரிசிப் பானைக்குள்ளை தேடினார், சாமி அறைக்குள்ளை தேடினார். முத்தம் கூட்ட வாற மனிசியைக் கள்ளி எண்டு பேசி அந்த மனிசி வேலைக்கு வாறதில்லை. சாவி அவரிட்டை இருக்கவேணும் அண்ணை. கார் ஓடவும் வேணும். பின்னேரத்திலை நான் பக்கத்திலை இருப்பன், முத்தத்துக்குள்ளை ஓடட்டும். நான் பள்ளிக்கூடம் போனால் மட்டும் ஓடக்கூடாது. ஒரு களவுச் சுவிச் போட ஏலுமோ?"

"அவரிட்டைச் சொல்லிப்போட்டுச் செய்வமே?"

"சொன்னால் கண்டுபிடிப்பார். ஒளிக்கிறதிலை அவரை வெல்ல ஆக்கள் இல்லை."

"ஏலும்," என்றேன். உடனேயே சொன்னேன். ரீச்சர் சொல்லி முடிப்பதற்குள் என் மூளை வயர் இழுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மனிதனைப் பற்றி நான் யோசிக்கவில்லை, எங்கே ஒளிப்பது, எப்படி ஒளிப்பது என்றுதான் யோசித்தேன். ஒளிக்கத் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒளிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அதைத்தான் இப்போதும் நினைத்தால் கூசுகிறது.

ஐயாவின் காலத்து ஒளிப்பு எல்லாம் ஒரே மாதிரி: சாவியிலிருந்து கொயிலுக்குப் போகிற வயரை இடையில் வெட்டிச் சுவிச் போடுவது. அதைப் பிடிப்பது லேசு. கொயிலில் சோதனை பல்ப்பை வைத்தால் எரியாது; எரியாவிட்டால் எங்கேயோ வெட்டு இருக்கிறது. நான் வெட்டவில்லை. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற மற்ற வயரில் இன்னொரு வயரைப் பிணைத்து, அதைச் சுவிச் வழியாகக் காரின் உடம்போடு சேர்த்தேன். சுவிச்சைப் போட்டால் பொயின்ற் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், பொறி விழாது. ஆனால் கொயிலில் பல்ப் எரியும். சாவியைத் திருப்பினால் வருகிற சிவப்பு லைற் எரியும். எஞ்சின் சுற்றும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். ஒரு குறை, சாவியைப் போட்டபடி விட்டால் கொயில் சூடாகும். அது பரவாயில்லை என்று விட்டேன்.

இடம் எனக்கு ஐயாவே சொல்லித் தந்திருந்தார். பின் சீற்றின் இடது ஓரத்தில், மெத்தைக்குக் கீழே.

திங்கட்கிழமை ரீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு அந்த வயரை இழுத்தேன். ஐயா குந்தியிருந்து எனக்கு ரோச் லைற் பிடித்தார்.

"உது எங்கை போற வயர்?"

"பின் லைற்றுக்கு ஐயா."

"புது வயரோ? நல்லது. முந்தி மழைக்கு அது அடிக்கடி நூந்து இருண்டுபோகும்." ரேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து விரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தந்தார். "வடிவாய்ச் சுத்தும் தம்பி. ஈரம் போகக்கூடாது."

நான் வடிவாகச் சுற்றினேன்.

அன்று பின்னேரம் கார் பிடித்தது. முதல் இழுவையிலேயே பிடித்தது. ஐயா கையைத் தட்டினார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். "என்ன பார்க்கிறாய், ஹயருக்கு வேணுமெண்டால் நேரத்தோடை சொல்லு," என்று ஐயா கத்தினார். ரீச்சர் முன்னால் ஏறினார்.

"தம்பி, நீர் பின்னாலை ஏறும். நீர்தான் இண்டைக்கு ஹயர்காரர். எங்கை போகவேணும்?"

"கேற்றடிக்கு ஐயா."

"தூரம்தான். பரவாயில்லை, கொண்டுபோய் விடுறன்."

பின் சீற்றின் இடது ஓரத்தில் நான் இருந்தேன். கார் மாமரத்தைச் சுற்றிக் கேற்றடிக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அவர் கியர் மாற்றுவது கேட்கவேயில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்னால் அந்தக் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. வெளியே வெங்காயத் தறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் ஒலி எழுப்புகிற கோர்ன் வேலை மட்டும் மிச்சம். ரீச்சர் சைக்கிளை எடுக்க முன் காரின் பின் கதவைத் திறந்தார், குடையைத் தேடுவதுபோல மெத்தை ஓரத்தில் கையை விட்டார். மூடிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

ஐயா தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஏறினார். சாவி, குளிர்ந்த எஞ்சினுக்கு இழுக்கிற சோக், குமிழ். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. இறங்கி வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"மகள் உம்மிட்டை ஏதும் சொன்னவளோ?"

"என்ன ஐயா?"

"ஒண்டுமில்லை."

சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தார். சீற்றைத் தூக்கினார். குனிய முடியாமல் குனிந்து பிறேக் மிதியின் றப்பரைக் கழற்றினார். டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டர் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. என் பையிலிருந்து சோதனை பல்ப்பை எடுத்துக் கொயிலில் வைத்தார். பல்ப் எரிந்தது.

எரிகிற பல்ப்பைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் நின்றார். சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, சாவி முதலோ, குமிழ் முதலோ?"

"சாவி முதல் ஐயா."

"நான் அப்பிடித்தானே செய்தனான்?"

"ஓம்."

"வடிவாய்ப் பார்த்தனீரோ?"

"ஓம் ஐயா."

மறுபடி ஏறினார். இந்த முறை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப்போல. சாவி. சோக். குமிழ். பிடிக்கவில்லை. சோக்கை உள்ளே தள்ளினார். பிறகு வெளியே இழுத்தார். தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் அந்தச் சுவிச்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரோட்டுக்குப் போவார். ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் கடவை. சொல்லாவிட்டால் இப்படி இருப்பார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி கோர்ன் வயரைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அவர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"உம்மிலை பிழையில்லைத் தம்பி. கரண்ட் வருது, நேற்று ஓடினது. என்ரை தலையிலைதான் ஏதோ கழண்டுபோச்சு. நான் உம்மைக் கொஞ்சம் சந்தேகப்பட்டுட்டன். மனசிலை வைக்காதையும்."

கோர்னைப் பூட்டினேன். அது சத்தமாக அடித்தது. ரீச்சர் வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஐயா சொன்னார். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையில் பட்டதையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். அந்த நேரத்தில் எந்த ஊருக்குப் பஸ் என்று எனக்கே தெரியாது.

சுன்னாகத்தில் தொண்டைமானாற்றுப் பக்கம் போகிற மினி பஸ் நின்றது. ஏறினேன். கடற்கரையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும், செல்வச்சந்நிதிக் கோயிலில் சோறு கிடைக்கும். புன்னாலைக்கட்டுவன் தாண்டும்போது போன் அடித்தது. ஐயா. கார் சம்பந்தமாக எதுவானாலும் எடுக்கச் சொல்லி என் நம்பரை அவருடைய போனில் நானே போட்டுக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, நீர் ஒருக்காச் சொல்லும். முதலிலையிருந்து சொல்லும். நான் சீற்றிலைதான் இருக்கிறன்."

பஸ்ஸில் பாட்டுச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "சாவியை வலப் பக்கம் திருப்புங்கோ ஐயா."

"திருப்பினன். சிவப்பு லைற் வந்திட்டுது."

"சோக்கை இழுங்கோ."

"ஓம்."

"இப்ப குமிழ்."

போனுக்குள்ளால் எஞ்சின் சுற்றுவது கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பிடிக்காது என்று தெரிந்துகொண்டே அது பிடிக்கவேண்டும் என்று நான் மூச்சைப் பிடித்தேன். நின்றது.

"திரும்பச் சொல்லும் தம்பி. நான் எங்கையோ விடுறன்."

திரும்பச் சொன்னேன். திரும்பவும் சுற்றி நின்றது. அவர் மெல்ல, தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அறுபது வருசம் ஓடின கார்." பிறகு, "முதல் தொட்டுப் பார்த்தன், கொயிலும் கை வைக்க ஏலாமல் சுடுது," என்றார்.

"சுடுதோ?" என்றேன். "அப்ப அதுதான் ஐயா. கொயில் பிழை. நான் போட்டது பழங்கொயில். சூடானால் பொறி விழாது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நான் செய்த வேலைதான் சரியில்லை."

பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது.

"டேய்!" என்றார் ஐயா. "டேய், உண்மையாயோ?"

"உண்மை ஐயா."

"அட கள்ளப் பயலே! பழங்கொயிலைக் கொண்டுவந்து என்ரை காருக்குப் போட்டனியோ? நான் என்ரை தலை போச்சுதெண்டு இஞ்சை இருந்து அழுறன்! உனக்கு ஆரடா வயரிங் பழக்கினவன்? மாட்டு வண்டிலுக்கு வயரிங் செய்யிறவனோ?" அவர் சிரித்தார். இருமினார், மறுபடி சிரித்தார். "சுன்னாகத்திலை ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கொண்டு புதுக் கொயில் போடுவிக்கிறன். நீ இனி இந்தப் பக்கம் வந்தியோ, காலை முறிச்சுப்போடுவன்."

போனை வைத்த பிறகு கொஞ்சத் தூரம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. சுன்னாகத்து மெக்கானிக் வருவான், வயரைப் பார்ப்பான், மெத்தையைத் தூக்குவான். என் மனம் ஆறுவதற்காக நான் சொன்ன ஒரு பொய், கடவைக்குப் போகிற வழியைத் திறந்துவிட்டிருந்தது. ரீச்சருக்குப் போன் அடித்தேன். வகுப்பில் இருப்பார், எடுக்கவில்லை.

அவர் பின்னேரம் அடித்தார். நான் சந்நிதியில் சாப்பிட்டுவிட்டு ஆற்றோரமாக இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்பா இண்டைக்கு வடிவாய்ச் சாப்பிட்டவர்," என்றார். "பக்கத்து வீடு, முன் வீடு எல்லாம் போய் உங்களைப் பற்றித்தான் சொல்லிச் சிரிக்கிறார். பழங்கொயில் கள்ளன் எண்டு பேர் வைச்சிருக்கிறார்."

"மெக்கானிக்?"

"நான் அந்த ஆளோடை முதலே கதைக்கிறன். அதுக்குப் பயப்பிடாதையுங்கோ. ஆனால் புதுக் கொயில் பூட்டினாப் பிறகும் பகலிலை ஓடாதே. அப்ப என்ன சொல்லுறது?"

"கொண்டென்சர் பிழை எண்டு சொல்லுங்கோ."

"நான் சொன்னால் நம்பார். கணக்குப் படிப்பிக்கிற உனக்கு என்ன தெரியும் எண்டுவார். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். துவங்கினது நீங்கள்தானே அண்ணை." கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரல். "நானும் ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் பின் கதவைத் திறக்கவேணும். இண்டைக்குச் சைக்கிளிலை ஏறினாப் பிறகும் திரும்பிக் கொட்டகையைத்தான் பார்த்தனான்."

சரி ரீச்சர் என்றேன். அவர் வைத்துவிட்டார். அந்த வீட்டில் நான் ஒரு வேலையை முடித்துவிட்டு வரவில்லை, மூன்று பேருக்குத் தினமும் செய்ய ஒரு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று கோயில் மடத்தில் படுத்தேன். பையைத் தலைக்கு வைத்தால் சுவிச்சுகள் குத்தின. பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தலைக்கு வைத்தேன்.

காலையில் கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு வள்ளத்துக்காரர், என்னைவிட மூத்தவர், என் பையைப் பார்த்தார்.

"எஞ்சின் தெரியுமோ? என்ரை எஞ்சின் ரெண்டு நாளாய் இருமுது."

"தெரியாது அண்ணை."

"அப்ப என்ன தெரியும்?"

"சொல்லுறதைச் செய்வன்."

"வலையிலை மீன் கழட்டத் தெரியுமோ? செவுளைப் பிய்க்கக்கூடாது, வலையும் அறக்கூடாது."

"காட்டினால் செய்வன்."

ஒன்றைக் கழற்றிக் காட்டினார். மணலில் இருந்து வலையை மடியில் போட்டுக்கொண்டு தொடங்கினேன். வலை முழுக்கச் சூடைமீன். விரலெல்லாம் செதில். வெயில் இன்னும் ஏறவில்லை, மணல் குளிர்ந்துபோய் இருந்தது. ரீச்சர் இப்போது பள்ளிக்கூடம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"டேய் பழங்கொயில் கள்ளா," என்றார் ஐயா. குரலில் நேற்றைய சிரிப்பு பாதிதான் இருந்தது. "இரவு முழுக்க நிண்ட கார். கொயில் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிருது. தொட்டுப் பார்த்திட்டன். ஏன் பிடிக்கேல்லை?" குரல் இன்னும் இறங்கியது. "தம்பி... சாவிதானே முதல்?"

"ஓம் ஐயா, சாவிதான் முதல். நீங்கள் சரியாய்த்தான் செய்யிறீங்கள்," என்றேன். "இது கொண்டென்சர். பொயின்ற்றுக்குப் பக்கத்திலை இருக்கிற சின்ன உருளை. நேற்றுக் கொயில் சூடானதிலை அதுவும் போயிருக்கும். அதையும் நான்தான் போட்டனான். பின்னேரம் ரீச்சர் வந்தாப் பிறகு ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. சில வேளை பிடிக்கும். இப்ப பற்றரியை இறக்காதையுங்கோ."

"கொண்டென்சரும் பழசோ?"

"பழசுதான் ஐயா."

"நாசமாய்ப் போவான்," என்றார் ஐயா, நிம்மதியாக. போனை வைத்தார்.

நிமிர்ந்தபோது வள்ளத்துக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"எஞ்சின் தெரியாது எண்டனி?"

"தெரியாது அண்ணை."

"அப்ப இவ்வளவு நேரமும் போனிலை என்ன கதைச்சனி?"

"பொய் அண்ணை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வள்ளத்துக்குள்ளிருந்து மற்ற வலையையும் இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்.

"அப்ப உதையும் கழட்டு," என்றார்.